உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை மேற்கோள் காட்டுவது எப்படி? ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வழிகாட்டி

ஹதீஸ் ஒன்றை எடுத்துச் சொல்பவரிடம் அறிவித்த ஸஹாபி யார், எந்த நூல், எத்தனையாவது எண், தரம் என்ன என்று கேட்க நாம் பழகியிருக்கிறோம். ஆனால் குடும்பப் பிரச்சினை ஒன்று பள்ளிவாசலுக்கு வரும்போது, "ஹைகோர்ட்டே தீர்ப்பு சொல்லிவிட்டது" என்று யாராவது வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினால் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். எந்த ஹைகோர்ட் என்றுகூடக் கேட்பதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி மிக முக்கியமானது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், போடி பகுதிகளில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் குமுளியைத் தாண்டியும் நடக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரம். அந்தப் பக்கம் கேரள உயர் நீதிமன்றத்தின் அதிகாரம்.

குலா: இரண்டு நீதிமன்றங்கள், இரண்டு நிலைப்பாடுகள்

2021 ஏப்ரல் 9 அன்று கேரள உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு (ஏ. முஹம்மது முஸ்தாக், சி.எஸ். டயஸ்), முஸ்லிம் பெண் நீதிமன்றத்துக்கு வெளியே குலா பெறும் உரிமையை அங்கீகரித்தது. அதற்கு மாறாக இருந்த 1972ஆம் ஆண்டின் கே.சி. மொயின் எதிர் நஃபீஸா தீர்ப்பு சரியல்ல என்றும் கூறியது.

2023 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி. சரவணன், ஷரீஅத் கவுன்சில் ஒன்று வழங்கிய குலா சான்றிதழை ரத்து செய்தார். குலா கேட்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. ஆனால் அதற்குக் குடும்ப நல நீதிமன்றத்தையே அணுக வேண்டும், ஜமாஅத்தைச் சேர்ந்த சிலர் கூடிய தனியார் அமைப்பு அதைச் செய்ய முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

கேரளத் தீர்ப்பை "ஹைகோர்ட் தீர்ப்பு" என்று மட்டும் எழுதி, கம்பத்தில் ஒரு சகோதரிக்குச் சான்றிதழ் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் இத்தா முடித்து மறுமணமும் செய்திருப்பார். பிறகு தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் முதல் மணம் இன்னும் நீடிப்பதாக வாதம் எழும். அவருடைய மறுமணமும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குள்ளாகும். ஒரு வரி மேற்கோளில் மாநிலத்தின் பெயர் விடுபட்டதன் விலை அது.

ஒரு மாநில உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு அம்மாநிலத்தின் கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும். பிற மாநிலத் தீர்ப்பை வழக்கறிஞர் எடுத்துக்காட்டி வாதிடலாம். அது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது.

மேற்கோளில் இருக்க வேண்டியவை

1. நீதிமன்றமும் அமர்வும். தேனி மாவட்டம் 2004 ஜூலையில் தொடங்கப்பட்ட மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது. அங்கு பதிவாகும் வழக்குகளின் எண்ணில் "எம்.டி" என்ற குறி இருக்கும். டபிள்யூ.பி. 100/2020 என்பதும் டபிள்யூ.பி.(எம்.டி) 100/2020 என்பதும் வெவ்வேறு வழக்குகள். எனவே அந்தக் குறியை விட்டுவிடக் கூடாது.

2. வழக்கின் வகை, எண், ஆண்டு. ரிட் மனு, சீராய்வு மனு, மேல்முறையீடு என்று வகையைக் குறிப்பிட வேண்டும்.

3. தரப்பினர் பெயர். மணவழக்குகளில் நீதிமன்றமே பெயர்களை மறைத்திருந்தால் நாமும் மறைக்க வேண்டும். மேலே சொன்ன கேரளத் தீர்ப்பு அப்படித்தான் வெளியானது.

4. தீர்ப்பு நாள். வழக்கு எண்ணில் உள்ள ஆண்டு, மனு பதிவான ஆண்டு. தீர்ப்பு பல ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

5. தீர்ப்புத் தொகுப்பு. ஏ.ஐ.ஆர் 1973 கேரளா 176 என்றால், ஆல் இந்தியா ரிப்போர்ட்டர், 1973ஆம் ஆண்டு, கேரளப் பகுதி, பக்கம் 176. மேலே சொன்ன 1972 தீர்ப்பின் முகவரி இதுதான். அதுவே கேரள லா டைம்ஸில் 1972 கே.எல்.டி 785. நம் மாநிலத் தீர்ப்புகளுக்கு மெட்ராஸ் லா ஜர்னல் (எம்.எல்.ஜே), லா வீக்லி (எல்.டபிள்யூ), கரண்ட் தமிழ்நாடு கேசஸ் (சி.டி.சி) ஆகியவற்றை வழக்கறிஞர்கள் பயன்படுத்துகிறார்கள்.

6. பொது மேற்கோள் எண். எந்தப் பதிப்பகத்தையும் சாராமல் நீதிமன்றமே தரும் எண் இது. சென்னைக்கு எம்.ஹெச்.சி, கேரளாவுக்கு கே.இ.ஆர், உச்ச நீதிமன்றத்துக்கு ஐ.என்.எஸ்.சி என்பன குறிகள். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் 125ஆம் பிரிவின் கீழ் ஜீவனாம்சம் உண்டு என்று 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு: முஹம்மது அப்துல் சமது எதிர் தெலங்கானா மாநிலம், 2024 ஐ.என்.எஸ்.சி 506.

7. பத்தி எண். பக்க எண் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். பத்தி எண் மாறாது.

மாதிரி

சென்னை உயர் நீதிமன்றம், மதுரைக் கிளை, (தரப்பினர்) எதிர் (தரப்பினர்), டபிள்யூ.பி.(எம்.டி) எண் ... / ...; தீர்ப்பு நாள் ...; பொது மேற்கோள் எண் ...; பத்தி ...

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 1972 தீர்ப்பு ஏறக்குறைய அரை நூற்றாண்டு மேற்கோள் காட்டப்பட்டு, 2021இல் வீழ்ந்தது. நாஸிக், மன்ஸூக் படித்த நமக்கு இது புதிய பாடமல்ல.

இரண்டாவது, இடைக்கால உத்தரவை இறுதித் தீர்ப்பு என்று எழுதக் கூடாது. காஜிகள் தரும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்து மட்டுமே என்று பதர் சயீத் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஜனவரி 11 அன்று சொன்னது இடைக்கால உத்தரவில்தான். அதையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

உயர் நீதிமன்ற இணையதளத்தில் வழக்கு எண்ணைக் கொடுத்துத் தீர்ப்பைக் கட்டணமின்றி எடுக்கலாம். எண் இல்லாமல் வரும் செய்தியை ஜமாஅத் புத்தகத்தில் ஏற்ற வேண்டாம். விளங்காத இடத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி உண்டு. பிரச்சினையோடு வரும் சகோதரியிடம் இதை முதலிலேயே சொல்லி அனுப்புவது நம் கடமை.

வரும் செய்தியைத் தீர விசாரிக்காவிட்டால் அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்த நேரும் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6வது வசனம் நம்மை எச்சரிக்கிறது. தீர்ப்புச் செய்திகளுக்கும் அது பொருந்தும். அமானிதத்தைப் பேணி நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.