உதிரப்பட்டியும் பிஷர் இல்லமும்

போரிலே மாண்ட வீரனுக்கு நடுகல் நாட்டுதல் பண்டைத் தமிழர் வழக்கு. தொல்காப்பியப் புறத்திணையியல் அதன் படிகளை முறையாக வகுத்துரைக்கின்றது. கல் இறந்தவனுக்கு உரியது. அவனை இழந்து வாழ்வோர்க்கு உரியது யாது? இவ்வினாவுக்கு விடை தருவன கல்வெட்டுக்கள். மாண்டவனின் குடும்பம் வாழ்தற்பொருட்டு நிலம் வழங்கப்பட்டது. அந்நிலம் உதிரப்பட்டி எனப் பெயர் பெற்றது. சிந்திய குருதியை முன்னிட்டு அளிக்கப்பட்டமையின், அதனைப் பிச்சையென்னாது பட்ட கடனென்றே கொள்ளல் தகும்.

இக்கடனை அரசனல்லாத ஒரு தனிமனிதர் தம்மதாக ஏற்ற வரலாறு அண்மைக் காலத்து ஐக்கிய அமெரிக்காவில் உண்டு. அவர் சக்கரி பிஷர். 1910 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் புறூக்ளினிற் பிறந்தவர். பதினாறு வயதிலே கட்டட வேலையிற் புகுந்து, சகோதரரோடு பெருஞ்செல்வம் ஈட்டியவர். காலில் நேர்ந்த ஊறு காரணமாக இரண்டாம் உலகப் போரிற் படையிற் சேர இயலாதவராயினார். ஆயினும் படையினர்பால் அவர் கொண்ட பற்றுக் குறைந்திலது. 1983 ஆம் ஆண்டு ஒற்றோபரில் பெய்ரூத் நகரப் பாசறை குண்டுவெடிப்பில் அமெரிக்கப் படையினர் 241 பேர் மாண்டபொழுது, குடும்பமொன்றுக்குப் பத்தாயிரம் டொலர் வீதம் வழங்கினார்.

எனினும், அவர் பெயரை நிலைபெறுத்தியது பிறிதோர் அறமாகும். படையினர் சிகிச்சை பெறும் வைத்தியசாலைகள் அவர்தம் ஊர்களுக்கு நெடுந்தொலைவில் உள்ளன. நோயாளிக்குப் படுக்கை உண்டு. உடன்வந்த மனைவிக்கும் தாய்க்கும் தங்க இடமில்லை. கடற்படைத் தலைமைத் தளபதியாயிருந்த திரொஸ்ற் என்பாரின் மனைவியார் இக்குறையைப் பிஷருக்கு எடுத்துரைத்தார். 1990 இல் பிஷரும் அவர் மனைவி எலிசபெத்தும் வைத்தியசாலை வளவுகளில் இல்லங்கள் அமைக்கும் பணியைத் தொடங்கினர். பொதுச் சமையலறையும் உணவுக்கூடமும் கொண்ட அவ்வில்லங்களிற் குடும்பங்கள் தம் கையாற் சமைத்துண்டு, ஒருவர்க்கொருவர் ஆறுதலாய் வாழ்கின்றன. இன்று அவை தொண்ணூறுக்கு மேற்பட்டன. தங்குவோரிடம் கட்டணம் பெறுவதில்லை. 1999 ஆம் ஆண்டு யூனில் பிஷர் காலமானார். அவ்வாண்டு இறுதியில் அமெரிக்கக் கொங்கிரசு, படையிற் சேராத அவரை மதிப்புறு முன்னாட் படைவீரராக ஏற்றது.

அரசு ஓய்வூதியம் வழங்குகின்றதே, தனியார் கொடை எதற்கு எனச் சிலர் வினவுவர். ஓய்வூதியம் சட்டத்தின் அளவால் வருவது. இராப்பொழுதில் வைத்தியசாலை வாங்கில் உறங்கும் தாயைச் சட்டம் காணாது. அருகிருந்து காண்பவரே அக்குறையை உணர்வர். பிஷர் தாம் கட்டிய இல்லங்களை அரசிடமே ஒப்படைத்தமையால், அரசின் கடமையும் தனியார் கொடையும் ஒன்றையொன்று நிரப்பின.

கிறீன் வைத்தியர் பணிபுரிந்த காலந்தொட்டு மானிப்பாய் வைத்தியசாலையோடு வாழ்ந்துவரும் ஊர். போர் விட்டுச்சென்ற விதவையரையும் தாய்மாரையும் இத்தீபகற்பத்தார் நன்கறிவர். துயருற்றார் எப்பக்கத்தவராயினும், நோயாளியின் பாயருகே இருப்போரையும் எண்ணிச் செய்வதே நிறைந்த அறமென்பது பிஷர் வரலாற்றால் நாம் பெறும் பாடமாகும்.