ராத்திரிக்கு என்ன சமையல்? ஒரு வார அட்டவணையின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.

போன வாரம் ஓசூரிலிருந்து மகள் பேசினாள். மருமகனுக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறதாம். ராத்திரிச் சாப்பாட்டை ஒழுங்கு பண்ணச் சொல்லி மருத்துவர் சொல்லியிருக்கிறார். "அம்மா, ஒரு வாரத்துக்கு ராத்திரி என்ன பண்றதுன்னு ஒரு அட்டவணை போட்டுக் குடுங்க. சனிக்கிழமை ஒரே தடவையா எல்லாம் வாங்கி வச்சுக்கறேன். நாலு பேருக்குக் கணக்குப் போட்டாப் போதும்" என்றாள்.

வருஷக்கணக்காகப் பாடக்குறிப்பு எழுதியவளுக்கு ஒரு வார அட்டவணை எம்மாத்திரம் என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'திங்கள்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று சொல்ல வேண்டுமானால் அறுபது வருஷம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் ஊர் புஞ்சைப் புளியம்பட்டிக்குப் பக்கத்தில். புளியம்பட்டியில் வியாழக்கிழமை சந்தை. எங்கள் வாரம் ஞாயிறில் தொடங்கவில்லை, வியாழனில் தொடங்கியது. அப்பா ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினவர். கடைக்கணக்கு எழுதிய கை வீட்டுக் கணக்கையும் விடாது. அவருடைய நோட்டு ஒன்று இன்னமும் என்னிடம் இருக்கிறது, 1965-ஆம் வருஷத்தது. சந்தைக்குப் போகும் முன் எழுதிய பட்டியல்கள். அரசாங்கம் கிலோவைக் கொண்டுவந்து சில வருஷம் ஆகியிருந்தது. அப்பா கிலோ என்றுதான் எழுதியிருக்கிறார். அம்மா கடைசிவரை வீசையிலும் பலத்திலும்தான் பேசினார். எங்கள் வீட்டில் மெட்ரிக் அளவை நோட்டோடு நின்றுவிட்டது.

யாரும் அட்டவணை போட்டு ஒட்டி வைக்கவில்லையே தவிர, அம்மாவின் வாரத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. வியாழன் ராத்திரி கீரை கடைசல், ஏனென்றால் கீரை மறுநாள் தாங்காது. வெள்ளி, சனியில் கத்தரி, வெண்டை, அவரை. அதன்பிறகு சுரைக்காய், பூசணி. செவ்வாய், புதனில் கூடையில் சின்ன வெங்காயமும் சேனையும்தான் மிஞ்சும். அப்போது தட்டைப்பயறு, கொள்ளு, மொச்சை என்று பானைகள் திறக்கும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் எது முதலில் வாடும் என்பதுதான் சமையல் வரிசை. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-லேயே வந்துவிட்டது. அதைப் போன்ற புத்தகங்கள் எதை எப்படிச் செய்வது என்று சொல்லும். இன்றைக்கு எதைச் செய்வது என்பதைக் கூடைதான் சொல்லும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது ராத்திரிக்கு 'லைட்டா ஏதாவது' என்கிறோம். எங்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்ததே அந்தியில்தான். காட்டு வேலை முடிந்து வந்து, கம்பைக் குத்திப் புடைத்துச் சோறாக்குவார்கள், இல்லாவிட்டால் ராகிக் களி. சுடச்சுடச் சாப்பிடுவது ராத்திரி. மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் அது காலைக்கு. அரிசிச் சோறு நோம்பிக்கும் விருந்தாளிக்கும்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். வாத்தியாரம்மா பாடம் எடுக்காமல் விடுவாரா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது.

1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அடுத்து வங்காளத்தில் பஞ்சம். சென்னை மாகாணத்திலும் ரேஷன் வந்தது. அதுவரை என்ன தின்பது என்பதை மழையும் கைக்காசும் தீர்மானித்தன. அதன்பிறகு அட்டையும் சேர்ந்து தீர்மானித்தது. 1952-ல் ராஜாஜி முதலமைச்சராக வந்து உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். அதைப்பற்றி எங்கள் அப்பத்தா நல்லவிதமாகத்தான் பேசுவார்.

அப்புறம் 1965. அந்த வருஷத் தொடக்கத்தில்தான் இந்திய உணவுக் கழகம் உருவானது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். ஆனால் மழை பொய்த்தது, பாகிஸ்தானோடு போர் வந்தது, அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 திட்டத்தில் கப்பல் கப்பலாக வந்த கோதுமையை நம்பி நாடு இருந்தது. கையேந்தி நிற்கக் கூடாது என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை உணவை விடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை ராத்திரி. ஊர் ஊராக ஓட்டல்களே திங்கள் இரவு மூடின.

எங்கள் வீட்டிலும் திங்கள் ராத்திரி அடுப்பு எரியவில்லை. எனக்கு அப்போது ஆறு வயது. எங்கள் மூன்று பேருக்கும் மத்தியான மிச்சமும் சந்தைப் பொரியும். பெரியவர்களுக்கு மோர். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு இருந்ததால் நாங்கள் தப்பித்தோம். 'கேர்' அமைப்பு வழியாக வந்த அமெரிக்க மக்காச்சோள மாவில் கிண்டிய மஞ்சள் உப்புமா. அந்த வாசம் இன்றைக்கும் எனக்குப் பசியைக் கிளப்பும்.

1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்துபோனார். ஊரில் திங்கள் விரதம் மெல்ல மெல்ல விட்டுப்போயிற்று. அம்மா மட்டும் விடவில்லை. ஏழெட்டு வருஷம் திங்கள் ராத்திரி சாப்பிடவே இல்லை. அது சிவனுக்கான சோமவார விரதம் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெருமையாகக் கூட இருந்தது.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குப் போன பிறகு ஒருநாள் அந்த நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு வாரமும் கம்பு இவ்வளவு, ராகி இவ்வளவு என்று போட்டு, அதன் தலைப்பில் 'பேர் 5' என்று எழுதியிருந்தது. அப்பத்தா, அப்பா, அம்மா, நாங்கள் மூவர். கூட்டினால் ஆறு. கணக்கில் ஒரு பைசா விடாத மனுஷர் எப்படித் தப்பாக எழுதினார்? அம்மாவிடம் கேட்டேன். "நான்தான் அப்படி எழுதச் சொன்னேன் கண்ணு. கடைசீல உக்கார்றவளுக்குச் சட்டியில இருக்கறது போதும்" என்றார். பிறகு, "திங்கக்கிழமை ஒண்ணுதான் எல்லாரும் ஒரே மாதிரி பட்டினி கெடந்தோம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இதுதான் 'திங்கள்' என்று எழுதியதும் கை நின்ற கதை.

1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது தி.மு.க. ஜெயித்த பிறகு சென்னையிலும் கோவையிலும் அந்த ஒரு படி கிடைத்தது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. ரேஷன் கடை ஊர் ஊராகப் பரவியது. 2006-ல் கிலோ இரண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011-லிருந்து விலையே இல்லை. இடையில் துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்கு வந்தன. வேறு மாநிலங்கள் வறுமைக்கோடு கிழித்துப் பிரித்தபோது, அட்டை வேண்டும் என்று கேட்டவர்களையெல்லாம் நம் மாநிலம் சேர்த்துக்கொண்டது. இதை நான் குறைத்துப் பேசவே மாட்டேன். என் வகுப்பில் காலையில் மயங்கி விழும் பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

அரிசி வர வர கம்பு போயிற்று. இன்றைக்குச் சிறுதானியப் பெருமை பேசுகிறவர்கள், நம் மக்கள் அறியாமையால் அதை விட்டார்கள் என்பது போலப் பேசுகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. கம்பை உரலில் இட்டு நீர் தெளித்துக் குத்தி, உமி போகப் புடைத்து, மறுபடி குத்த வேண்டும். ராகிக்குத் திரிகை. எங்கள் அம்மாவின் உள்ளங்கை காய்த்துக் கட்டையாக இருக்கும். அரிசி வந்தபோது அவருக்குக் கிடைத்தது ருசி மட்டுமல்ல, அந்தியில் ஒரு மணி நேரம். கோயம்புத்தூரில் பிறந்த வெட் கிரைண்டர் பின்னால் எங்கள் வீட்டுக்கும் வந்தபோது இன்னும் ஒரு மணி நேரம். பண்டிகைக்கு மட்டும் பார்த்த இட்லி, வாரத்தில் மூன்று ராத்திரிச் சாப்பாடாக மாறியது அதனால்தான்.

ஆனால் விலை ஒன்று கொடுத்தோம். உங்களில் சிலரைக் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குச் சுற்றுலா அழைத்துப் போனது நினைவிருக்கும். அதன் பக்கத்தில் இருக்கிற பாஸ்டர் நிலையத்தில், 1918-ல் ஓர் அறையில், ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தொடக்கம் அந்த அறைதான். அவர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் தின்ற சீக்கியர் உணவு எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பங்காக இருந்த சென்னைப் பகுதி உணவு எலிகள் கடைசி. குற்றம் அரிசியின் மேல் மட்டுமல்ல, தட்டில் அரிசியைத் தவிர மற்றவை குறைவாக இருந்ததிலும் இருந்தது. நூறு வருஷம் கழித்தும் நம் வீட்டுத் தட்டுகளைப் பார்த்தால் அந்த எலிகள்தான் நினைவுக்கு வருகின்றன. 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. அதில் நானும் ஒருத்தி.

சர்க்கரை என்றதும் ராத்திரி சப்பாத்தி என்கிறார்கள். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது பதிலுக்கு வந்த கோதுமை, இப்போது மருந்தாகிவிட்டது. உருளைக்கிழங்குக் குருமாவோடு ஐந்து சப்பாத்தி தின்றால் சோற்றுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதை நான் மாத்திரை கூடிய பிறகுதான் கற்றேன். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ பயறோ முட்டையோ, மிச்சத்தில் சோறோ சப்பாத்தியோ இட்லியோ. அவ்வளவுதான் என் மருத்துவர் சொன்னது.

சரி, மகளுக்கு எழுதியதைச் சொல்கிறேன். வேண்டுபவர் எடுத்துக்கொள்ளலாம். அம்மாவின் சந்தை வரிசைதான், வியாழனுக்குப் பதில் சனி.

சனி: வாங்கிய அன்றே கீரை கடைசல், கொஞ்சம் சோறு, வெண்டைக்காய்ப் பொரியல். ஞாயிறு: பகலில் அரைத்த மாவில் இட்லி, கத்தரியும் முருங்கையும் நிறையப் போட்ட சாம்பார். திங்கள்: அதே மாவில் வெங்காய தோசை, பச்சைப்பயறு கடைசல். செவ்வாய்: அரிசியும் பருப்பும் சாதம். வழக்கமாக மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போடுவோம், அதைச் சரிபாதியாக்கச் சொன்னேன். கூடப் புடலங்காய்ப் பொரியல். புதன்: கம்பஞ்சோறு, கொள்ளு ரசம், சுரைக்காய்க் கூட்டு. இப்போது கம்பைக் குத்த வேண்டியதில்லை, உடைத்தே விற்கிறார்கள், ஊறவைத்துக் குக்கரில் வைத்தால் போதும். வியாழன்: ஆளுக்கு இரண்டு சப்பாத்தி, பூசணிக்காய் போட்ட தட்டைப்பயறுக் குழம்பு. வெள்ளி: கேரட், பீன்ஸ், கோஸ் என்று நாங்கள் 'இங்கிலீஷ் காய்' என்று சொன்னதில் மீந்தவை எல்லாம் போட்டுக் கோதுமை ரவை உப்புமா. அது என் பள்ளிக்கூட உப்புமாவின் ஞாபகத்துக்கு.

பயறு, தானியம் மாதம் ஒரு தடவை வாங்கினால் போதும். வாரம் வாங்க வேண்டியது காய்தான். உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். 1999-ல் மதுரையில் முதல் சந்தை திறந்ததிலிருந்தே அது காலைக் கூட்டம்தான். பட்டியல் இல்லாமல் மட்டும் போகாதீர்கள். பையில் உருளைக்கிழங்கும் தக்காளியுமாகத் திரும்புவீர்கள்.

எவ்வளவு காய்? இங்கேதான் கணக்கு. ராத்திரிக்கு ஆளுக்கு 150 கிராம் என்று வைத்தேன். நாலு பேர், ஏழு நாள்: 4 கிலோ 200 கிராம். எழுதி முடித்தபிறகுதான் உறைத்தது. மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள், சம்பந்தியம்மா, என் மகள். கூட்டினால் ஐந்து.

உடனே போன் பண்ணினேன். "நாலு பேருன்னியே, யாரைக் கழிச்சே?" என்றேன். "எனக்கு என்னம்மா, ஆபீஸ் விட்டு வர்றதே எட்டாகுது. இருக்கறதைச் சாப்பிட்டுக்குவேன்" என்றாள். எம்.சி.ஏ. படித்தவள், நான் வளர்த்தவள். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பா நோட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பட்டியலை அடித்துவிட்டு 5 கிலோ 250 கிராம் என்று திருத்தியும் அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. சரி என்று ஒரு வார்த்தைதான். கீழே, 'அம்மாயி எழுதச் சொன்னதா இது?' என்று கேட்டிருந்தாள். ஆமாம் என்றேன்.

உங்கள் ஊர்ச் சந்தை எந்தக் கிழமை, அன்றைக்கு ராத்திரி வீட்டில் என்ன சமையல் என்று கீழே எழுதுங்கள். மணப்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் மாட்டுச் சந்தைக் கதையோடு வருவார்கள் என்று தெரியும், வாருங்கள்.