தலையீற்றுப் பசுவின் தொடர் வயிற்று உப்புசம்

ஒரு முறை வயிறு ஊதித் தணிந்த மாடு, சில நாளிலோ சில வாரத்திலோ திரும்பத் திரும்ப ஊதுவது தொடர் வயிற்று உப்புசம். உப்பிசம், வயிறு ஊதல் என்றும் சொல்வார்கள். இது தனி நோயன்று. உள்ளே வேறு கோளாறு இருப்பதற்கான அடையாளம். எண்ணெய் புகட்டி ஊதலைத் தணிப்பவர்கள் அந்தக் கோளாற்றைத் தேடாமல் விடுவதால்தான் அது திரும்பி வருகிறது.

வளர்ந்த பசுவின் முதல் வயிற்றில் மணிக்கு 30 முதல் 50 லிட்டர் வரை வாயு உண்டாகும். பெரும்பகுதி கரியமில வாயு, அடுத்தது மீத்தேன். கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஓர் ஏப்பமாக இது வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியேறாவிட்டால் இடப்புறம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள குழி மேடாகும். தட்டினால் மத்தளம்போல் ஒலிக்கும். இரண்டு வகை உண்டு. வாயு இரையோடு கலந்து சோப்பு நுரையாக நிற்பது நுரை உப்புசம். வாயு தனியே சேர்ந்தும் ஏப்பம் வராதது வெறும் வாயு உப்புசம். தொடர்ந்து வருவது பெரும்பாலும் பின்னதே.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களில் தமிழர் லயத்து வீட்டுக்குப் பின்னால் மாடு வளர்த்தார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த மாடுகளின் வழிவந்தவை மலேசியாவில் உள்ளூர் இந்தியக் கறவை இனம் எனப்படுகின்றன. பின்னர் சாகிவால், பிரீசியன் கலப்பு மாடுகள் வந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, இளம் பனைக்கன்றைக் கடித்துவிடும் என்று பல நிர்வாகங்கள் மாட்டை விரும்பவில்லை. பட்டண ஓரத்துக்கு நகர்ந்த மாட்டுக்கு மேய்ச்சல் சுருங்கித் தொட்டித் தீவனம் கூடியது.

பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் மேய்ந்த மாட்டுக்குத் தனி ஆபத்து ஒன்று உண்டு: பால் பிடிக்கும் கிண்ணமான ‘மங்கு’வைத் தாங்க மரத்தைச் சுற்றிக் கட்டிய கம்பி. துருப்பிடித்து அறுந்து புல்லுக்குள் கிடக்கும். மாடு உதட்டால் துழாவிப் பொறுக்கித் தின்பதில்லை. நாக்கால் வளைத்து இழுத்து விழுங்கும். ஆணியோ கம்பியோ உள்ளே போனால் தேன்கூடுபோன்ற இரண்டாம் வயிற்றில் தங்கும், அதன் சுவரைக் குத்தும். அங்குள்ள நரம்பு கெட்டால் வயிற்றின் அசைவும் ஏப்பமும் குறையும். முதுகு வளைந்து நிற்பது, சரிவில் இறங்கத் தயங்குவது, பால் திடீரென இறங்குவது, கூடவே ஊதல்: இவை சேர்ந்தால் கம்பியை நினைக்க வேண்டும். கம்பி முன்னோக்கி நகர்ந்தால் இதயத்தைத் தொடும். உரச்சாக்கு நைலான் கயிறும் பிளாஸ்டிக் பையும் குத்துவதில்லை. பந்தாகச் சுருண்டு வழியை அடைக்கும்.

தோட்டத்தில் மண்ணை மூடப் பரவவிடும் கொடிப்பயிர்களின்மேல் பழி போடுவோர் உண்டு. குளிர்நாட்டுக் குளோவர், குதிரைமசால் போன்றவை நுரை உப்புசம் தருவது உண்மை. வெப்பநாட்டுப் பயறுக்கொடிகள் அவ்வாறு செய்வது அரிது. சந்தேகம் அதிகம் விழவேண்டியது தொட்டியில்தான். செம்பனைப் பருப்புப் புண்ணாக்கு, சோயா சக்கை, தவிடு ஆகியவை மலிவு, ஆனால் பொடியானவை. நீண்ட நார் இல்லாவிட்டால் மாடு அசைபோடுவது குறையும், உமிழ்நீர் குறையும், வயிறு புளிக்கும். தலையீற்றுப் பசுவுக்குக் கன்று போட்டதும் பால் ஆசையில் தீவனத்தைச் சட்டென உயர்த்துவதே பலர் செய்யும் தவறு. கெடாவின் வடக்கே மூடா பாசன வயல்களில் ஆண்டுக்கு இரு போகம் நெல் விளைகிறது. வைக்கோல் இல்லாத ஊரல்ல இது. முதலில் வைக்கோல், பிறகு புண்ணாக்கு என்று வரிசையை மாற்றினாலே பல மாடுகள் சரியாகும். மாட்டுப் பொங்கலன்று அள்ளி ஊட்டும் சர்க்கரைப் பொங்கலும் இதே கணக்கில் சேரும். சோறு வயிற்றில் வேகமாகப் புளித்து உயிருக்கே உலை வைக்கும்.

இன்னொரு காரணம் நெஞ்சில் இருக்கலாம்: கன்றுப் பருவத்தில் நிமோனியா கண்ட கிடேரிக்கு நெஞ்சுக்குள் நிணநீர்க் கழலை வீங்கி உணவுக்குழாயை அழுத்தலாம். காசநோயும் அப்படிச் செய்யும். அந்தச் சந்தேகம் இருந்தால் தோல் சோதனை தேவை, பாலைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது.

ஊதிய மாட்டை முன்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்த வேண்டும். வாயில் குறுக்கே ஒரு குச்சியைக் கட்டினால் மென்றுகொண்டே இருக்கும், உமிழ்நீர் ஊறும். நுரை வகைக்கு 250 முதல் 500 மில்லி சமையல் எண்ணெய் உதவும். மூங்கில் கொட்டத்தில் புகட்டும்போது தலையை மிக உயர்த்தினாலும், படுத்துவிட்ட மாட்டுக்குப் புகட்டினாலும் எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். உப்புசத்தில் பிழைத்த மாடு அதில் சாகும். கால்நடை மருத்துவர் விடும் வயிற்றுக் குழாய் நோயையும் சொல்லிவிடும்: வாயு சீறினால் வெறும் வாயு, நுரை அடைத்தால் நுரை வகை, குழாயே இறங்காவிட்டால் மரவள்ளிக்கிழங்கோ மாங்கொட்டையோ தொண்டையில் நிற்கலாம். இடப்புறக் குழியில் குத்தி வாயு இறக்குவது மூச்சுத் திணறும் மாட்டுக்கு மட்டும். கண்ட கத்தியால் குத்தினால் வயிற்றுறையில் சீழ் பிடிக்கும்.

இரும்புக் கம்பிக்கு எதிராகக் கிடேரிப் பருவத்திலேயே ஒரு காந்தத்தை விழுங்க வைப்பார்கள். அது இரண்டாம் வயிற்றில் தங்கிக் கம்பியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்பையும் நைலானையும் பிடிக்காது. கயிற்றுப் பந்தை வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். நரம்பே கெட்டுவிட்ட மாடு தேறுவது குறைவு. காரணம் தானே தணியக்கூடிய இளம் மாட்டுக்கு மட்டும், இடப்புறத்தில் சிறு துளையிட்டு வயிற்றைத் தோலோடு தைத்து, வாயு தானாக வெளியேறும்படி சில மாதம் விட்டுவைப்பதுண்டு. அதற்குள் மூலக் காரணம் தணிந்தால் மாடு மறுபடி ஏப்பம் விடத் தொடங்கும்.