மூத்தோர் மென்பந்து

‘மூத்தோர் தடகளப் போட்டி’ என்ற தொடர் தமிழ் நாளேடுகளின் விளையாட்டுப் பக்கத்தில் வேரூன்றிவிட்டது. ‘மென்பந்து’ என்ற சொல்லைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள் அறிவார்கள். யாழ்ப்பாணத்தில் அது அன்றாடச் சொல். இரண்டையும் சேர்த்து ‘மூத்தோர் மென்பந்து’ என்றால் மட்டும் கேட்பவர் தயங்குகிறார். தள்ளாத வயதில் பஞ்சுப் பந்தை உருட்டும் காட்சி அவர் மனத்தில் எழுகிறது. அந்த மென்மையும் இந்த மூப்பும் இந்தப் பெயருக்குள் எப்படி வந்தன என்று தேடிப் போனால், இரண்டு சொல்லும் பிறந்த இடத்தைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டவை என்று தெரிகிறது.

முதலில் பந்து. 1887 நவம்பரில், நன்றி நவிலும் நாளன்று, சிகாகோ நகரின் ஃபாராகட் படகுக் கழகத்தில் சில இளைஞர்கள் தந்திக்காகக் காத்திருந்தார்கள். ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்கள் மோதிய அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் முடிவு வரவேண்டியிருந்தது. யேல் வென்றது என்று செய்தி வந்ததும் உற்சாகத்தில் ஒருவர் அங்கே கிடந்த குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிந்தார். இன்னொருவர் அதைக் கம்பால் அடித்தார். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்தக் கையுறையை அதன் கயிற்றாலேயே இறுக்கிக் கட்டிப் பந்தாக்கினார், சாக்பீசால் தரையில் கட்டம் வரைந்தார், ஆட்டம் தொடங்கிவிட்டது. கூரைக்குக் கீழே ஆடியதால் ‘உள்ளரங்க பேஸ்பால்’ என்று பெயர். சாஃப்ட்பால் என்ற சொல்லை அன்று யாரும் உச்சரிக்கவில்லை.

அதன்பின் சுமார் 40 ஆண்டுகள் இந்த ஆட்டம் ஊருக்கொரு பெயரோடு திரிந்தது. மினியாபோலிஸ் நகரத் தீயணைப்பு வீரர் லூயிஸ் ரோபர் 1895-இல் தம் நிலையத்து ஆட்களுக்கு ஓய்வு நேர உடற்பயிற்சியாக இதை அறிமுகப்படுத்தினார். அங்கே ஓர் அணியின் பெயர் பூனைக்குட்டிகள்; அதனால் ஆட்டமே ‘கிட்டன் பால்’ ஆகிவிட்டது. வேறு ஊர்களில் ‘டயமண்ட் பால்’, ‘மஷ் பால்’, ‘பம்ப்கின் பால்’. 1926-இல் டென்வர் ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த வால்டர் ஹாக்கன்சன்தான் ‘சாஃப்ட்பால்’ என்ற பெயரை முன்வைத்தார். 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி நாடு தழுவிய போட்டி நடந்தது. பல பெயர், பல விதி என்றிருந்த அணிகள் ஒரே களத்தில் இறங்கவேண்டி வந்தது. பொதுப் பெயரும் பொது விதியும் உறுதிப்பட்டது அதையொட்டித்தான். ஒரு போட்டி நடத்தவேண்டும் என்ற தேவைதான் ஒரு பெயரை நிலைநிறுத்தியது.

பெயர் நிலைத்தபோது பந்து கெட்டியாகியிருந்தது. இன்றைய சாஃப்ட்பாலைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சுற்றளவு 12 அங்குலம், எடை 180 முதல் 200 கிராம் அளவில், ஒரு கைக்குள் முழுதாக அடங்காது. எட்டு வடிவத்தில் வெட்டிய இரண்டு தோல் துண்டுகளைப் பொருத்தித் தைத்திருப்பார்கள், தையல் விரலில் உறுத்தும். உள்ளே அடைக்கும் பொருளாக விதிநூல் அனுமதித்தவற்றில் ஒன்று கபோக், அதாவது நம் ஊர் இலவம்பஞ்சு. தலையணைக்குள் மெத்தென்று கிடக்கும் அதே பஞ்சை இறுக்கித் திணித்து, நூல் சுற்றி, தோல் போர்த்தினால் கல்லாக இறுகிவிடும். தக்கையும் ரப்பரும் கலந்த உள்ளீடு, பாலியூரிதேன் உள்ளீடு எல்லாம் அதைவிடக் கெட்டி. வெறுங்கையால் பிடிக்க யாரும் துணிவதில்லை, கையுறை வேண்டும். சிகாகோவில் மட்டும் 16 அங்குலப் பந்தைக் கையுறை இல்லாமல் ஆடும் பழக்கம் இன்றும் உண்டு. ஆட ஆட அந்தப் பந்து நெகிழ்ந்து கொடுக்கும். சொல்லின் பழைய பொருள் அங்கேதான் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது.

தமிழில் இது மென்பந்து ஆனது இயல்பான சொல்லாக்கம். மெல் என்ற அடி பகரத்தின் முன் மென் ஆகிறது. மென்பொருள், மென்பானம் போல. பந்தோ பழந்தமிழ்ச் சொல். வடமொழிக் கந்துகமும் பின்னால் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் பெண்கள் பந்தாடும்போது பாடும் பகுதிக்குக் கந்துகவரி என்றே பெயர்.

இந்தியாவில் சாஃப்ட்பால் சங்கம் 1961-இல் ஜோத்பூரில் தோன்றியது. இங்கே அந்த ஆட்டம் பள்ளி, கல்லூரி அணிகளுக்குள் வளர்ந்தது, தெருவுக்கு வரவில்லை. ஆனால் மென்பந்து என்ற சொல் கடலுக்கு அப்பால் தெருவுக்குப் போயிற்று, வேறொரு ஆட்டத்தின் பெயராக. யாழ்ப்பாணத்தில் மென்பந்து என்றால் டென்னிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட். தோல்பந்தில் ஆடுவது கடினப்பந்து. கிரிக்கெட்டே அங்கே துடுப்பாட்டம் என்பதால் ‘மென்பந்து துடுப்பாட்டச் சுற்றுப்போட்டி’ என்று அறிவிப்பு வரும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் ஆண்டுதோறும் மோதும் ‘வடக்கின் பெரும் போர்’ கடினப்பந்து. அந்தப் பள்ளிகளின் பழைய மாணவர்கள் பின்னாளில் லண்டனிலும் டொரண்டோவிலும் கூடி ஆடுவது பெரும்பாலும் மென்பந்து. டென்வரில் பிறந்து, பொருளை இழந்து திரிந்த சொல்லுக்கு, வழுக்கைத் தலையோடு டென்னிஸ் பந்தை வீசும் இந்த மனிதர்களிடம்தான் உண்மையான மென்மை திரும்பக் கிடைத்தது. எனக்கு இந்தச் சொல்லின் வரலாற்றில் மிகப் பிடித்த திருப்பம் இது.

அடுத்தது மூப்பு. விளையாட்டில் ‘மூத்தோர்’ என்பதற்கு ஆங்கிலம் வெட்டரன். இலத்தீனில் வெத்துஸ் என்றால் பழைய. அதிலிருந்து வெத்தெரானுஸ், நெடுங்காலம் படையில் இருந்தவன். வெத்துசுக்கு அடியில் இருப்பது ஆண்டைக் குறிக்கும் ஒரு தொல்வேர் என்பர் மொழிநூலார். அதே வேரின் வடமொழிக் கிளையில் வத்சரம். நம் பஞ்சாங்கத்துச் சம்வத்சரம். வத்சம் என்றால் கன்று, ஓராண்டு நிறைந்த குட்டி. தாய்ப்பசு கன்றிடம் காட்டும் அன்பு வாத்சல்யம். ஆக, போர்க்களத்தில் நரைத்த உரோமானியச் சிப்பாயும் நேற்றுப் பிறந்த கன்றும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். ஆண்டு ஒன்றானால் கன்று, பலவானால் வெட்டரன்.

பிரிட்டனில் இந்தச் சொல் ஆடுகளத்துக்கு வந்து வயதில் மூத்த ஆட்டக்காரரைக் குறித்தது. அமெரிக்கரின் காதில் அது படையை விட்டு வெளியே வரவில்லை. நவம்பர் 11-ஆம் நாளை 1954-இல் வெட்டரன்ஸ் நாள் என்று அவர்கள் பெயர் மாற்றியது முன்னாள் படைவீரர்களுக்காக. அதனால் விளையாட்டில் ‘மாஸ்டர்ஸ்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். 1977-இல் ‘உலக வெட்டரன் தடகள வீரர் சங்கம்’ என்று தொடங்கிய அமைப்பு, 2001-இல் ‘உலக மாஸ்டர்ஸ் தடகளம்’ ஆகிவிட்டது. ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து முதியவர்களோ இந்த இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. 1930-இல் அவர்கள் தொடங்கிய சாஃப்ட்பால் கழகத்தின் பெயர் ‘முக்கால் நூற்றாண்டுக் கழகம்’. சேர வேண்டுமானால் 75 வயது ஆகியிருக்க வேண்டும். தங்களுக்குள் பிரித்துக்கொண்ட இரண்டு அணிகளின் பெயர் ‘கிட்ஸ்’, ‘கப்ஸ்’. பிள்ளைகள், குட்டிகள். வெள்ளை உடுப்பும் கழுத்தில் போ டையுமாக அவர்கள் களமிறங்கிய பழைய படங்கள் உண்டு. வத்சம் என்ற கன்றை அறியாமலேயே வேருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நரைத்த பிறகும் பிள்ளைப் பேரில் ஆடுவது கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. பொங்கலுக்கு அறுவடை முடிந்த கழனியிலும் தண்ணீர் வற்றிய ஏரிக்குள்ளும் கிரிக்கெட் போட்டி வைத்தால், வரும் அணிகளில் பாதி ‘பாய்ஸ்’ என்று முடியும். பேர் வைத்தபோது பையன்களாக இருந்தவர்கள் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அதே பேரில்தான் டாஸ் போடுகிறார்கள். இப்படி ஆட வருகிற வயதுக்காரரை என்னவென்று அழைப்பது? முதியோர் என்பது சரிவராது. அந்தச் சொல்லை அரசாங்கம் கந்தலாக்கிவிட்டது. 1978-இல் தொடங்கிய தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டத்தின் இலக்கு 15 முதல் 35 வயதினர். தமிழில் அது ‘முதியோர் கல்வி’. ஓய்வூதியத்துக்கு வந்தால் முதியோராக 60 ஆகவேண்டும். நடுவே முதியோர் இல்லம் என்று ஒன்று நிற்கிறது, அந்தப் பெயரைத் தாங்கிக்கொண்டு யாரும் பந்தெடுக்க ஓடமாட்டார்கள்.

மூத்தோர் வேறு. மூ என்ற வேரில் மூப்பும் முதுமையும் உண்டென்றாலும், மூத்த என்பது ஒப்பிட்டுச் சொல்வது. மூத்த மகனுக்கு ஆறு வயதாகக்கூட இருக்கலாம். வட தமிழ்நாட்டில் கணவனின் அண்ணன் மூத்தார். அவருக்கு நரைத்திருக்க வேண்டியதில்லை. மேற்கு மலைகளில் ஊர்த்தலைவர் மூப்பன். முன்னால் பிறந்தவர், முன்னால் நிற்பவர் என்பதே இந்தச் சொல் தரும் பொருள்; உடம்பின் தளர்ச்சியை அது கணக்கிடுவதில்லை. வெட்டரனில் இருக்கும் படைவாடையும் மாஸ்டரில் இருக்கும் எசமான் தொனியும் இதில் கிடையாது. தடகளச் செய்தியில் இதை முதலில் எழுதியவர் யாராயினும் நல்ல தமிழ் அறிந்தவர்.

உலகத் தடகளத்தில் மூத்தோர் பிரிவு 35 வயதில் தொடங்குகிறது. இதைக் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தை நினைக்காமல் என்னால் எழுத முடியவில்லை. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் இந்தப் பகுதியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. பலர் அன்றாடக் கூலிக்குப் போனவர்கள், நடுவயதினர். மூத்தோர் அணியில் பெயர் கொடுக்கும் வயதில் இருந்தவர்கள். அதற்குப் பிறகு நாட்டின் பிற பகுதிகளுக்குக் கருணாபுரம் என்ற பெயர் அந்த ஒரு செய்தியாகவே தெரிகிறது. ஊர்ப்பெயருக்கு வேறு செய்திகளும் வேண்டும்.

ஆண்டுக்கொரு போட்டி அப்படியொரு செய்தி. கோமுகி அணைப்பக்கத்து ஊர்களிலிருந்தும் கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்தும் அணிகள் வந்து இறங்கலாம். டென்னிஸ் பந்து போதும், கையுறை தேவையில்லை, ஒரு மட்டை, மூன்று குச்சி. யாழ்ப்பாணம் நடத்திக் காட்டிய ஆட்டம்தான். நோட்டீசில் 35 வயதுக்கு மேல் ஒரு பிரிவு, 50-க்கு மேல் ஒரு பிரிவு என்று போட்டு, தலைப்பில் பெரிய எழுத்தில் ‘மூத்தோர் மென்பந்துச் சுற்றுப்போட்டி’ என்று அச்சடிக்கலாம். அணியின் பெயர் ‘பாய்ஸ்’ என்றே இருக்கட்டும்.