பழவேற்காடும் டச்சுச் சொற்களும்

பொன்னேரியை அடுத்த பழவேற்காட்டில், டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் கல்லில் செதுக்கிய இரு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே கற்பலகைகளில் பொறித்துள்ள எழுத்துகளை நம்மால் படிக்க இயலாது. ஆயினும் அம்மொழியின் சொற்கள் சிலவற்றை நாம் அறியாமலே பேசிவருகிறோம்.

ஒல்லாந்தர் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் இதுவே. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

சென்னைப் பேச்சில் இன்றும் புழங்கும் 'துட்டு', 'டாய்ட்' என்னும் டச்சுச் செப்புக்காசின் பெயர். பழவேற்காட்டிலேயே அவர்கள் நாணயச்சாலை நடத்தினர். 'கக்கூஸ்' என்பதும் டச்சே: 'கக்' மலம், 'ஹாய்ஸ்' வீடு. ஒல்லாந்தர் ஆண்ட இலங்கையில் இக்கொடை இன்னும் மிகுதி. அலுவலகத்தைக் குறிக்கும் 'கான்டோர்' யாழ்ப்பாணத்தில் 'கந்தோர்' ஆயிற்று. பீன்ஸ் அங்கே 'போஞ்சி'.

கொடுத்தது இவ்வளவு, கொண்டுபோனதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். துணியோடு மனிதரும் சரக்காயினர். 17ஆம் நூற்றாண்டில், பஞ்சத்தில் விலைபோன ஏழைகள் இக்கரையிலிருந்து அடிமைகளாக பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். வணிகர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. கப்பலேறியவர்களுக்கு இங்கே கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அவர்கள் எத்துணைத் துட்டுக்கு விலைபோனார்கள் என்னும் கேள்வி மட்டும், அந்த டச்சுச் சொல்லை உச்சரிக்கும்போதெல்லாம் நம் நாவில் தங்குகிறது.