பதில் நடிகரின் ஆட்சி: இயந்திர மொழிபெயர்ப்பை அளந்த கதை

ஒரு மொழிபெயர்ப்பு தேறுமா தேறாதா என்று சொல்ல அதைப் படிக்கிற ஒரு ஆள் வேண்டும். மூலமொழி தெரிந்தவரோ தெரியாதவரோ, யாராவது படித்தாக வேண்டும். இந்தச் சாதாரண விஷயம் 2001 வாக்கில் தேவையற்றதாக ஆக்கப்பட்டது. வாசகர் இருந்த இடத்தில் ஒரு எண் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த எண் யாருடைய அவசரத்துக்காகப் பிறந்தது, தமிழுக்கு வந்தபோது அது எதை அளக்கிறது என்று பார்ப்போம். பொறியாளர்களின் வீட்டு விவகாரம் என்று இதை விட்டுவிட முடியாது. நீதிமன்றத் தீர்ப்புகளே இயந்திரத்தின் வழியாக நம் மொழிக்கு வந்துகொண்டிருக்கிற காலம் இது.

இயந்திர மொழிபெயர்ப்பு பனிப்போரின் பிள்ளை. 1949இல் வாரன் வீவர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் சுற்றுக்கு விட்ட குறிப்பில் ஒரு யோசனை இருந்தது: ரஷ்ய மொழியில் உள்ள கட்டுரையை, உண்மையில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுச் சங்கேதக் குறிகளால் மூடப்பட்ட ஒன்றாகப் பாவித்துக்கொண்டால் போதும். ஆக, மற்றவனுக்கு மொழி என்று தனியாக எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் மூடிவைக்கப்பட்ட ஆங்கிலம்தான். 1954 ஜனவரி 7 அன்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் நியூயார்க்கில் ஒரு காட்சி நடத்தின. 250 சொற்கள், 6 இலக்கண விதிகள், பொறுக்கி எடுத்த சில ரஷ்ய வாக்கியங்கள். பணம் கொட்டத் தொடங்கியது.

பத்து வருஷம் கழித்துப் பணம் கொடுத்தவர்கள் கணக்குக் கேட்டார்கள். 1964இல் ஜான் பியர்ஸ் தலைமையில் ‘அல்பாக்’ குழு அமைக்கப்பட்டது. 1966இல் அறிக்கை வந்தது. அந்தக் குழுவுக்காக ஜான் கேரல் என்ற உளவியலாளர் செய்த சோதனைதான் நமக்கு முக்கியம். ரஷ்ய மொழி தெரியாத 18 பேரையும் தெரிந்த 18 பேரையும் அவர் உட்காரவைத்தார். முதலில் வாக்கியம் புரிகிறதா என்று ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண். அடுத்தது மூலத்துக்கு விசுவாசம். இதை அவர் நேராகக் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பை முதலில் படி, பிறகு மூலத்தைப் பார். மூலம் உனக்குப் புதிதாக எவ்வளவு சொன்னது என்று கேட்டார். மூலம் நிறையச் சொன்னால் மொழிபெயர்ப்பு எதையோ முழுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

கேரலின் முறையை யாரும் புனிதப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அதில் மூலப் பிரதி இருந்தது, மொழிபெயர்ப்பு இருந்தது, இரண்டுக்கும் நடுவே படித்துத் தடுமாறுகிற மனிதர் இருந்தார். அந்த அறிக்கை இயந்திரத்தைவிட மனித மொழிபெயர்ப்பாளரே வேகமானவர், துல்லியமானவர், செலவு குறைந்தவர் என்றது. அமெரிக்காவில் இத்துறைக்கு வந்த பணம் ஏறக்குறைய நின்றே போனது. அளப்பவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை இத்துறை அன்றே படித்துக்கொண்டது.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவ ஆய்வு முகமையான டார்ப்பா மறுபடி பரிசோதனைகள் நடத்தியபோதும் படித்து மதிப்பிட்டவர்கள் மனிதர்கள்தான். இதில் பொறியாளர்களுக்கு ஒரு நியாயமான சங்கடம் இருந்தது. நிரலில் இன்றைக்கு ஒரு மாற்றம் செய்தால், அது முன்னேற்றமா பின்னடைவா என்று தெரிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாசகருக்குக் கூலி தர வேண்டும். அடுத்த மாற்றத்துக்கு மறுபடி முதலிலிருந்து.

இந்தச் சங்கடத்துக்கு விடையாக 2001இல் ஐபிஎம்மில் உருவானது ‘ப்ளூ’. கிஷோர் பாப்பினேனி, சலீம் ரூகோஸ், டாட் வார்ட், வெய்-ஜிங் ஷு ஆகிய நால்வரின் கட்டுரை 2002இல் வெளிவந்தது. வேலைக்கு டார்ப்பாவின் பண உதவியும் இருந்தது. அந்த வருஷங்களில் அமெரிக்க அரசுப் பரிசோதனைகளில் அளக்கப்பட்ட திசைகள் அரபியிலிருந்து ஆங்கிலத்துக்கும் சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கும். யார் யாரை ஒட்டுக்கேட்க விரும்பினார்கள் என்பதை அந்தத் திசைகளே சொல்லிவிடுகின்றன.

ப்ளூவின் வேலை முறை எளிமையானது. ஒரு மனிதர் செய்த மொழிபெயர்ப்பை மாதிரியாக வைத்துக்கொள்வார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளும் இருக்கலாம். இயந்திரம் தந்த வாக்கியத்தில் எத்தனை சொற்கள் மாதிரியில் உள்ளன, அடுத்தடுத்த இரண்டு சொற்களாக, மூன்றாக, நான்காக எத்தனை பொருந்துகின்றன என்று எண்ணிச் சராசரி எடுக்கும். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டு ஏமாற்ற முடியாது. சுருக்கமாகச் சொல்லித் தப்பித்தால் மதிப்பெண் வெட்டப்படும். அவ்வளவுதான்.

இதில் மூலப் பிரதிக்கு வேலையே இல்லை. ப்ளூ மூலத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. தொல்காப்பிய மரபியல் மொழிபெயர்ப்பை வழிநூலின் வகைகளில் ஒன்றாக வைக்கிறது. இங்கே யாரோ ஒருவர் செய்த வழிநூல் முதல்நூலின் ஆசனத்தில் ஏற்றப்படுகிறது. இயந்திரம் அதற்கு எவ்வளவு நெருங்கி வந்தது என்பதே தரமாகிவிடுகிறது.

தமிழில் இது என்ன செய்யும் என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதிரி வாக்கியம் இது: ‘நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யவில்லை.’ ஒரு இயந்திரம் இப்படித் தருகிறது: ‘நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.’ ஐந்து சொற்களில் நான்கு பொருந்துகின்றன. இரட்டைகளில் நான்குக்கு மூன்று, மும்மைகளில் மூன்றுக்கு இரண்டு, நான்கு சொல் தொடர்களில் இரண்டுக்கு ஒன்று. ப்ளூ கணக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 67. இன்னொரு இயந்திரம் இப்படிச் சொல்கிறது: ‘அவரோட அப்பீலைக் கோர்ட்டு தள்ளலை.’ மதிப்பெண் பூஜ்யம். ஜெயித்த ஆளைத் தோற்கடித்தவனுக்கு 67. உள்ளதை உள்ளபடி சொன்னவனுக்குச் சைபர்!

ப்ளூவைச் செய்தவர்கள் இதை ஒற்றை வாக்கியத்துக்கு உரிய அளவுகோல் என்று சொல்லவில்லை. ஒரு தொகுப்பு முழுவதற்குமான சராசரி என்றுதான் சொன்னார்கள். அது சரி. ஆனால் நம் மொழியில் எதிர்மறை வினைக்குள்ளேயே ஒட்டியிருக்கிறது. வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டியிருக்கிறது. ஒரு ‘த்’ மிகுந்தாலும் மிகாவிட்டாலும் இயந்திரத்துக்கு அது வேறு சொல். இடைவெளி விட்டு எழுதப்படும் தனிச் சொற்களை எண்ணுவதற்கு வசதியான மொழியில் பிறந்த முழக்கோல், ஒட்டுநிலை மொழிக்கு வரும்போது தடுமாறத்தான் செய்யும். எல்லா வாக்கியங்களிலும் ஒரே பக்கமாகச் சாய்கிற கோணல் சராசரி எடுப்பதால் நிமிர்ந்துவிடாது. பேச்சுத்தமிழ் எப்போதும் தோற்கும். மாதிரி எழுதியவரின் தமிழே தமிழாகும்.

இந்தக் குறை உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல. 2006இல் காலிசன்-பர்ச், ஆஸ்போர்ன், கேன் மூவரும் ஒரு சங்கதியை வெளிப்படுத்தினார்கள். 2005ஆம் ஆண்டின் அரபி-ஆங்கிலப் பரிசோதனையில் மனிதர்கள் முதலிடம் தந்த மொழிபெயர்ப்பை ப்ளூ ஆறாவது இடத்தில் வைத்திருந்தது. 2015இல் மாயா போபோவிச் சொற்களுக்குப் பதில் எழுத்துத் தொடர்களை எண்ணும் ‘சிஎச்ஆர்எஃப்’ முறையை முன்வைத்தார். தமிழ் போன்ற மொழிகளுக்கு அது கூடுதல் இரக்கம் காட்டும். ஆனால் ‘செய்யவில்லை’யும் ‘செய்தது’ம் அதற்கு இன்னும் நெருங்கிய உறவாகிவிடும். 2020இல் வந்த ‘காமெட்’, மனிதர்கள் போட்ட மதிப்பெண்களைக் கண்டு கற்றுக்கொண்ட இயந்திரம். மாதிரியோடு மூலத்தையும் அது பார்க்கிறது, இது முன்னேற்றம்தான். ஆனால் எந்த மனிதர்கள், எந்த மொழிகளுக்கு மதிப்பெண் போட்டார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இத்தனைக்கும் பிறகு என்ன ஆனது? 2010 முதல் 2020 வரை வந்த 769 ஆய்வுக்கட்டுரைகளை 2021இல் மூன்று ஆய்வாளர்கள் புரட்டிப் பார்த்தார்கள். 98.8 விழுக்காடு ப்ளூவைப் பயன்படுத்தியிருந்தன. 74.3 விழுக்காடு வேறு எந்த அளவுகோலையும் தொடவே இல்லை. ப்ளூ என்ற பெயரின் கடைசி எழுத்து ‘அண்டர்ஸ்டடி’ என்பதைக் குறிக்கிறது: நாடகத்தில் முதன்மை நடிகர் வர முடியாத அன்றைக்கு மேடையேறும் பதில் நடிகர். பெயர் வைத்தவர்கள் அடக்கமாகத்தான் வைத்தார்கள். பதில் நடிகர் மேடையைவிட்டு இறங்கவில்லை.

தமிழ் இந்த மேடைக்கு எப்படி வருகிறது? 2021இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘ஃபுளோரஸ்’ தொகுப்பில் 3,001 வாக்கியங்கள். ஆங்கில விக்கித் தளங்களிலிருந்து எடுத்து நூற்றொரு மொழிகளுக்குரிய தொகுப்பாக ஆக்கப்பட்டவை. தமிழும் அதில் ஒன்று. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும் திறனைச் சோதிக்கும்போதும் கேள்வித்தாளில் இருப்பது ஆங்கிலத்திலிருந்து வந்த தமிழ். வீவரின் மூடிவைத்த ஆங்கிலம் கடைசியில் உண்மையாகிவிட்டது! சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023இல் இந்திய உள்ளடக்கமும் உரையாடலும் கொண்ட சோதனைத் தொகுப்பை உருவாக்கியது. அதே ஆண்டு தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் மனிதர்கள் குறித்த 7,000 பிழைக் குறிப்புகளோடு அளவுகோல்களையே அளந்த ஓர் ஆய்வும் வந்தது. நம் மொழிகளில் நடையோட்டப் பிழைகளை இருக்கிற அளவுகோல்கள் சரியாகப் பிடிப்பதில்லை என்றது அது. நல்ல தொடக்கங்கள் இவை.

உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் ‘சுவாஸ்’ என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளை அறிமுகப்படுத்தியது. இயந்திரம் தருவதை மனிதர்கள் சரிபார்க்கிறார்கள். அப்படியும், மொழிபெயர்த்த தீர்ப்பு வழக்காடுபவர் தன் மொழியில் புரிந்துகொள்வதற்கு மட்டுமே, ஆங்கில வடிவமே அதிகாரபூர்வமானது என்ற குறிப்பு சேர்க்கப்படுகிறது. நீதிமன்றமே தன் மொழிபெயர்ப்பை முழுக்க நம்பவில்லை. அந்தச் சரிபார்க்கும் ஆள்தான் கேரலின் வாசகர். இந்த வரலாற்றில் இன்னும் மிச்சமிருக்கிறவர். மதிப்பெண் உயர்ந்துவிட்டது, இனி இவர் எதற்கு என்ற பேச்சு ஒருநாள் வரும். செலவைக் குறைப்பவர்களுக்கு எண் போல வசதியான சாட்சி வேறில்லை.

அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்விகளை இன்றே கையில் வைத்திருப்பது நல்லது. மாதிரியை எழுதியவர் யார், எந்த ஊர்த் தமிழில் எழுதினார்? எத்தனை இடங்களில் ‘இல்லை’ காணாமல் போனது? தீர்ப்பு யாரைப் பற்றியதோ அவர் படித்துப் பார்த்தாரா? மூன்றாவது கேள்விக்கு விடை சொல்கிற அளவுகோல் இன்றுவரை ஒன்றும் கிடையாது.