இரண்டாவது சனிக்கிழமைகள்

வெம்பக்கோட்டை என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது வைப்பாற்றங்கரையில் 2022 மார்ச்சில் தொடங்கிய அகழாய்வு. சங்கு வளையல்களும் மணிகளும் குழிகளிலிருந்து வெளிவந்தபோது, பழங்காலத்திலேயே அங்கே கைத்தொழில் நடந்திருக்கிறது என்பது தெரிய வந்தது. சங்கை அறுக்கும் வித்தையை யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது மட்டும் எந்தக் குழியிலும் கிடைக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, செய்வதைப் பார்த்துத்தான் கற்றிருக்க வேண்டும் என்று நாம் யூகித்துக்கொள்ளலாம்.

பக்கத்து ஊரான சிவகாசிக்கு வந்தால் யூகம் தேவையில்லை. 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்வது எப்படி என்பதை அங்கே இருந்து கற்றுக்கொண்டு 1923இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் அச்சுத் தொழில் வந்தது. 1940களில் பட்டாசும் சேர்ந்துகொண்டது. இதற்கெல்லாம் அப்போது எந்தக் கல்லூரியிலும் பாடம் கிடையாது. தெரிந்தவரிடம் போய் நிற்பது, பார்ப்பது, செய்து பார்ப்பது, பிறகு உறவுக்காரருக்கும் ஊர்க்காரருக்கும் சொல்லித் தருவது, அவ்வளவுதான்.

ஆனால் கம்ப்யூட்டர் இந்தப் பக்கம் வந்தபோது இந்த வழியில் வரவில்லை. அது கட்டணத்தோடும் சான்றிதழோடும் வந்தது. பஸ் நிலையத்துக்கு அருகே மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர், மூன்று மாதம், ஆறு மாதம் என்று கோர்ஸ்கள், காமர்ஸ் படித்தவர்களுக்கு டேலி. குறை சொல்வதற்கில்லை, பலருக்கு அது சோறு போட்டிருக்கிறது. என்றாலும் கோர்ஸ் முடிந்த மறுநாள் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்பதற்கு அங்கே பதில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், கம்ப்யூட்டர் தொழிலே சிவகாசி பாணியில் பிறந்ததுதான். 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கார் ஷெட்டில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் என்று அதற்குப் பெயர் வந்தது. முதல் நாளே போனவர்களில் ஒருவர் ஸ்டீவ் வோஸ்னியாக். அப்போது அவர் ஹியூலெட் பேக்கார்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர், கூச்ச சுபாவம் உள்ளவர். தான் வடிவமைத்த கணினியின் வரைபடங்களை அந்தக் கிளப்பில் இலவசமாகவே கொடுத்தார். அடுத்த ஆண்டு அதுவே ஆப்பிள் 1 ஆயிற்று. கூட்டத்தில் ஒரு பகுதி நேரத்தை யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும் என்று எழுந்து சொல்வதற்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். நம் ஊர்ச் சந்தை மாதிரிதான், பணம் மட்டும் இல்லை!

இனி சென்னைக்கு வருவோம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். இந்தியாவில் அதைக் கைக்குக் கொண்டு வருவதே அன்று பெரிய வேலை. தொலைபேசிக் கம்பி வழியே வரும் இணையத்தில் அத்தனை பெரிய மென்பொருளை இறக்க முடியாது. பி.சி. குவெஸ்ட் போன்ற பத்திரிகைகளோடு வந்த சி.டி.யைக் கைமாற்றி, நகல் எடுத்துத்தான் பரப்பினார்கள். சி.டி. கிடைத்தாலும் நிறுவும்போது திரை கறுத்துப் போகும், மோடம் பேசாது, சத்தம் வராது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஆகாது என்கிற நிலை.

அந்தத் தேவையில் பிறந்ததுதான் 1998 ஜனவரியில் தொடங்கிய சென்னை லினக்ஸ் பயனர் குழு. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை, சென்னை ஐ.ஐ.டி.யில் கஜேந்திரா சர்க்கிளுக்கு அருகே விமானவியல் துறையின் ஒரு வகுப்பறையில் கூடுவது பல ஆண்டுகள் அவர்களின் வழக்கம். நுழைவுக் கட்டணம் கிடையாது, ஐ.ஐ.டி. மாணவராக இருக்க வேண்டியதும் இல்லை. இதைக் கொஞ்சம் நிறுத்தி நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கானவர்கள் தேர்வு எழுதியும் நுழைய முடியாத வளாகத்தில், மாதத்தில் ஒரு பிற்பகல் யார் வேண்டுமானாலும் போய் பெஞ்சில் உட்காரலாம். கை தூக்கினால் முன்னால் போய்ப் பேசவும் செய்யலாம்.

வேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடியாக யாரும் அங்கே வேலை கொடுக்கவில்லை. ஆனால் நிறுவனங்களில் சர்வர் பார்ப்பவர்களும் படித்துக்கொண்டிருப்பவர்களும் ஒரே அறையில் இருந்தார்கள். ஒரு மாணவர் இருபது நிமிடம் பேசினால், அவருக்கு என்ன தெரியும் என்பது அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். நேர்முகத் தேர்வில் அரை மணி நேரத்தில் தெரியாதது பத்து மாதச் சனிக்கிழமைகளில் தெரிந்துவிடுகிறது. கணக்குப்பதிவியலில் குட்வில் என்று ஒன்றைச் சொல்வார்கள், கண்ணுக்குத் தெரியாத சொத்து. அதைச் சேர்த்த கதை இது.

இந்த வட்டாரத்தில் மறக்கக்கூடாத பெயர் கென்னத் கொன்சால்வஸ். உதகையில் வாழ்ந்தவர். பைத்தான் மொழியைத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அலைந்தவர். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையத்தில், கட்டற்ற மென்பொருளுக்காக 2005 வாக்கில் தொடங்கப்பட்ட தேசிய வள மையத்தின் பணிகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. 2012இல் காலமானார். இந்திய பைத்தான் மென்பொருள் சங்கம் அவர் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியது. கூட்டங்களில் பேசிய ஒருவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேண்டியதில்லை.

இன்னொருவர் த. சீனிவாசன். சென்னைக் குழுவை ஒருங்கிணைத்து நடத்தியவர்களில் ஒருவரான அவர், 2012 ஜனவரியில் கணியம் மின்னிதழைத் தொடங்கினார். து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ வரிசை நூல்கள் அதன் வழியே வந்தன, மை-எஸ்.க்யூ.எல். போன்ற பாடங்களைத் தமிழில் படிக்க முடிந்தது. அறைக்குள் வாயால் சொல்லப்பட்டது எழுத்தாக மாறிய இடம் இது. கூட்டத்துக்கு வர முடியாதவர்களைப் பற்றி யோசித்தவர்கள்தான் இதைச் செய்திருக்க முடியும்.

ஏனென்றால் வர முடியாதவர்களே அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெம்பக்கோட்டையிலிருந்து ஒருவர் இரண்டாவது சனிக்கிழமைக்குப் போக வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை மாலையே சிவகாசி ஸ்டேஷனுக்கு வந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற வேண்டும். சனிக்கிழமை இரவு எழும்பூரில் மறுபடி ஏறினால் ஞாயிறு காலை வீடு. இரண்டு இரவு, இரண்டு டிக்கெட், ஒரு நாள் கூலி. போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் பேச்சு நடந்தால் பாதி புரியாது. பெண் பிள்ளையாக இருந்தால் வீட்டில் அனுப்புவார்களா என்பது தனிக் கேள்வி. நுழைவுக் கட்டணம் இல்லை என்பதாலேயே ஒன்று இலவசம் ஆகிவிடாது என்பதை இந்தக் குழுக்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை.

மாற்றம் சிறிய ஊர்களிலிருந்து வந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு லினக்ஸ் குழு உருவானது. விழுப்புரத்தில் உருவான குழு கிராமத்து மாணவர்களைக் கூட்டி வைத்துத் தமிழிலேயே இலவசப் பயிற்சி நடத்தியது. பெரிய நிறுவனம் எதுவும் இல்லாத ஊர் விழுப்புரம். அங்கே இது முடிந்தது என்பது தெற்கே இருப்பவர்களுக்குச் சென்னைக் கதையைவிட முக்கியமான செய்தி. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011இல் ஜோஹோ அலுவலகம் திறந்தது வேறு வகை. அங்கே நிறுவனம் ஊரைத் தேடி வந்தது. விழுப்புரத்தில் ஊர்க்காரர்களே கூடிக்கொண்டார்கள்.

பிறகு 2020. கொரோனா ஊரடங்கில் வகுப்பறைகள் மூடின, குழுக்கள் ஜிட்சி என்னும் கட்டற்ற காணொளிச் செயலிக்குள் போயின. காஞ்சிக் குழுவின் கூட்டம் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலையில், தமிழிலேயே நடந்தது. வெம்பக்கோட்டையில் போன் வைத்திருக்கும் ஒருவருக்கும் காஞ்சிபுரத்தில் இருப்பவருக்கும் முதல்முறையாக ஒரே தூரம். பட்டாசு ஆலைகளுக்கும் பெரும்பாலும் ஞாயிறுதான் விடுமுறை.